அசிட்டோனில் ஒரு சொம்பு தீர்த்தம்

அசிட்டோனை உள்ளங்கையில் ஊற்றினால் முதலில் குளிரும். ஐஸ் கட்டியைத் தொட்ட மாதிரி இருக்கும். பத்து எண்ணுவதற்குள் கையில் ஒன்றும் இருக்காது. ஈரமும் இல்லை, பிசுக்கும் இல்லை. தோல் மட்டும் சாம்பல் பூத்துக் கிடக்கும். தண்ணீர் கலந்திருந்தால் அப்படி ஓடிப் போகாது. குளிர் மெதுவாக வரும், கடைசியில் கை ஈரமாகவே நிற்கும். படித்தவர்கள் இதைப் பார்க்கக் கருவி வைத்திருப்பார்கள். எனக்குக் கைதான்.

சத்தியவேட்டிலிருந்து வரதய்யபாளையம் போகிற ரோட்டில் ஒரு ஃபைபர் ஷெட்டில் ஏழு வருஷமாக வேலை செய்கிறேன். தண்ணீர்த் தொட்டி, பஸ் சீட்டு, கல்யாண மண்டபத்து வாசலில் நிற்கும் யானைத் தலை, கோயில் வாகனம் எல்லாம் அங்கே ஆகும். முதலில் அச்சு. அச்சுக்குள் கண்ணாடி நாரால் செய்த மேட்டை விரித்து, தேன் மாதிரி இருக்கும் ரெசினைப் பிரஷ்ஷால் குத்திக் குத்தி ஊற வைப்பார்கள். ரெசினில் கேட்டலிஸ்ட் என்கிற ஒன்றை அளந்து விட்டால் கால் மணி நேரத்தில் தேன் கல்லாகிவிடும். பிரஷ்ஷும் கூடவே கல்லாகிவிடும். அதற்கு முன்னால் அதை அசிட்டோனில் அலச வேண்டும். அலசுவதும், டப்பாக்கள் இருக்கிற சின்ன அறையின் சாவியை வைத்திருப்பதும் என் வேலை.

அந்த அறையில் நான்கு சரக்கு உண்டு. ரெசின் கெட்டி. ரெசினைச் சீக்கிரம் இறுக வைக்கும் கோபால்ட் கத்திரிப்பூ நிறம். கேட்டலிஸ்ட்டும் அசிட்டோனும் பார்வைக்கு இரண்டும் தண்ணீர். டப்பா மேல் ஒட்டியிருக்கும் காகிதம் இங்கிலீஷில் இருக்கும். எனக்குத் தமிழ் எழுத்துக் கூட்டி வாசிக்க வரும். தெலுங்கு, பஸ் போர்டு வரைக்கும் வரும். இங்கிலீஷ் வராது. அதனால் குறைவு ஒன்றும் நேர்ந்ததில்லை. டப்பாவை லேசாகச் சாய்த்தால் போதும். கேட்டலிஸ்ட் எண்ணெய் மாதிரி சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கும். அசிட்டோன் சலசலவென்று ஓடும். கேட்டலிஸ்ட்டையும் கோபால்ட்டையும் நேருக்கு நேர் கலந்தால் வெடிக்கும் என்று முதல் நாளே ஓனர் சொன்னார். அதனால் ஒன்றை வடக்குச் சுவரிலும் மற்றதைத் தெற்குச் சுவரிலும் வைத்தேன், சண்டைக்கார ஓரகத்திகளை வைப்பது போல. ஏழு வருஷத்தில் ஒரு டப்பாவையும் நான் மாற்றிக் கொடுத்ததில்லை. ஓனரே ஒரு தடவை மாற்றி எடுத்தார். கையைப் பிடித்தேன்.

அசிட்டோன் எதைத் தின்னும், எதைத் தின்னாது என்பதெல்லாம் பழகித்தான் தெரிந்தது. ஒரு நாள் கடையில் விற்கிற கெட்டிக் கண்ணாடி மாதிரிப் பிளாஸ்டிக் கிளாஸில் ஊற்றிவிட்டேன். அடிப்பக்கம் இளகிக் கழன்று தரையில் விழுந்தது. தெர்மாக்கோலை அதில் வைத்தால் ஒரு கூடை தெர்மாக்கோல் ஒரு கை சளியாகச் சுருங்கிவிடும். இரும்பு, கண்ணாடி, அது வருகிற வெள்ளை டப்பா, இவற்றை ஒன்றும் செய்யாது. புதுச் சில்வர் பாத்திரத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் பசை, நகத்துப் பாலிஷ், சேலையில் பட்ட பேனா மை எல்லாம் போகும். ஆனால் சில சேலை சேலையோடு போகும். நெருப்பு மட்டும் கிட்டே வரக்கூடாது. அதன் ஆவி மேலே போகாமல் தரையோடு ஊர்ந்து போய் எங்கோ இருக்கிற பீடியைத் தேடிப் பிடிக்கும். அதனால் எங்கள் ஷெட்டில் வெள்ளிக்கிழமைக் கற்பூரம் கேட்டுக்கு வெளியே, ரோட்டோரம்தான்.

முதல் நாள் டப்பா மூடியைத் திறந்தபோது அந்த வாசனை எனக்குப் புதிதாக இல்லை. என் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை. கடைசி வாரம் திருப்பதி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அவர் மூச்சில் இதே வாசனை வந்தது, பழுத்து அழுகப் போகிற பழம் மாதிரி. சர்க்கரை ஏறி உடம்பு தன் கொழுப்பையே எரிக்கும்போது இரத்தத்தில் இது உண்டாகும் என்று டாக்டரம்மா சொன்னது. அன்றைக்கு டப்பாவை மூடி வைத்துவிட்டு வெளியே போய்க் கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு வந்து பிரஷ்ஷை அலசினேன்.

இது எங்கிருந்து வருகிறது என்று ஓனரைக் கேட்டேன். அவர் புத்தூர்க்காரர். திருப்பதியில் கெமிஸ்ட்ரி படித்தவர். கேட்டால் சந்தோஷமாகச் சொல்வார்.

"இப்ப பெட்ரோலியத்துல வர்ற ஒரு எண்ணெய்லேர்ந்து எடுக்கறாங்கம்மா. அதுக்குக் காத்து காட்டி, அப்புறம் ஆசிட் வுட்டா ரெண்டா பிரியும். ஒண்ணு பீனால், இன்னொண்ணு இது. முன்னாடி வேற மாதிரி. காடியையும் சுண்ணாம்பையும் சேத்து உப்பாக்கி, அந்த உப்பை மூடி வெச்சு சுட்டு ஆவியைப் புடிச்சாங்க. மாவை ஊறல் போட்டுகூட எடுத்தாங்க."

"ஊறல் போட்டு ஆவி புடிக்கிறதா? எங்க ஊரு மலையடியில அதைத்தான் பண்ணிக்கினு இருந்தாங்க நைனா. போலீஸ் இட்டுக்கினு போச்சு."

"அது சாராயம். இது அதுக்கு தூரத்துச் சொந்தம்."

"ரெண்டும் தண்ணியில கலக்குதே, அப்பவே நெனச்சேன்."

இப்படித்தான் எனக்குத் தெரியும். தண்ணீரும் இதுவும் எந்த அளவில் சேர்த்தாலும் ஒன்றாகிவிடும். கோடு தெரியாது, கலங்காது. எண்ணெய் போல மேலே நிற்காது. அது தெரிந்திருந்ததுதான் பிறகு என்னைக் கவிழ்த்தது.

பக்கத்து ஊர் அம்மன் கோயிலுக்கு ஒரு சிங்க வாகனம் ஆர்டர் வந்தது. பழைய மரச் சிங்கத்தைத் தூக்க இருபது ஆள் வேண்டும். ஊரில் பிள்ளைகள் எல்லாம் கம்பெனி ஷிப்ட்டில் இருக்கிறார்கள்; ஜாத்திரைக்கு லீவு கிடைப்பதில்லை. எட்டுப் பேர் தூக்குகிற மாதிரி ஃபைபரில் செய்யச் சொன்னார்கள். ஜாத்திரைக்கு இரண்டு வாரம் இருந்தது.

வேலை தொடங்கிய புதன்கிழமை ஊர்ப் பெரியவர்கள் மூன்று பேர் ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். ஒருவர் கையில் பித்தளைச் சொம்பு, மேலே மஞ்சள் துணி கட்டி. அம்மனுக்கு மஞ்சள் கரைத்து அபிஷேகம் செய்த தீர்த்தம். அவர்கள் ஊரில் வாகனம் செய்தால் முதல் உளி படுவதற்கு முன் மரத்துக்குத் தீர்த்தம் குடிக்கக் கொடுப்பது வழக்கமாம். மரம் இல்லையென்றால் எது மரத்துக்குப் பதிலோ அதில் ஊற்ற வேண்டும்.

ஓனர் பெயிண்ட் வாங்கத் திருப்பதி போயிருந்தார். என்னைத் தவிர, சிங்கத்தின் முகத்துக்கு ரெசின் வைக்கிறவள் ஒருத்திதான் அங்கே இருந்தாள். குடுபல்லிப் பக்கத்துப் பெண். புருஷனின் கம்பெனி வேலைக்காக வந்து சத்தியவேட்டில் ரூம் எடுத்திருக்கிறாள்; நான் சேர்ந்த வருஷமே அவளும் ஷெட்டில் சேர்ந்தாள். ரெசின் வேலையில் எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளை அவள் ஒருத்திதான். கை அவ்வளவு சுத்தம். அவள் வைத்த மேட்டில் ஒரு காற்றுக் குமிழி இருக்காது. அவள் கேட்டலிஸ்ட் விட்ட ரெசின் மக்கைக் கையில் வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

"இதுல தண்ணி ஒரு சொட்டு பட்டாலும் வெள்ளை பூத்துக்கும் பெத்தாயனா. காயவும் காயாது. ரெசின்ல ஊத்த முடியாது."

"அம்மன் தீர்த்தத்தை தண்ணிங்கிறியாம்மே?" என்றார் சொம்பு வைத்திருந்தவர். "உங்க ஊர்ல அப்படித்தான் சொல்லுவாங்களா?"

அவள் முகம் சுருங்கியது. மக்கில் ரெசின் சூடாகிக்கொண்டிருந்தது, நிற்க நேரமில்லை. "பெரிம்மா, நீயே பாத்துக்கோ" என்று என்னிடம் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

நான் பார்த்துக்கொண்டேன். எனக்குத்தான் தெரியுமே எது தண்ணீரை ஏற்கும் என்று. அசிட்டோன் டப்பாவைக் கொண்டுவந்து மூடியைத் திறந்தேன். பாதிக்கு மேல் இருந்தது. பிரஷ் அலசுகிற சரக்குதானே, சிங்கத்தின் உடம்பில் சேராதே, அதனால் கெடுதலும் இல்லை, அவர்கள் மனமும் கோணாது என்று கணக்குப் போட்டேன்.

"இதுல ஊத்துங்க. இது ஏத்துக்கும்."

சொம்புத் தண்ணீர் முழுசும் உள்ளே போனது. டப்பாவைத் தூக்கி வெளிச்சத்தில் காட்டினேன். லேசான மஞ்சள் தவிர ஒன்றும் இல்லை.

"பாத்தியா, வாய் தொறந்து குடிச்சுக்கினு கீது" என்றார் ஒருவர். சொம்புக்காரர் என்னைப் பார்த்துக் கும்பிட்டார். "வெவரம் தெரிஞ்ச மனுஷி ஒருத்தியாவது கீறாளே."

அந்தக் கும்பிடை நான் வாங்கிக்கொண்டேன்.

மறுநாளும் அதற்கு மறுநாளும் எனக்கு லீவு. புத்தூரில் மகள் வீட்டில் வளைகாப்பு. சாவியை ரெசின் வைக்கிறவளிடம் கொடுத்துவிட்டுப் போனேன். அவளே பிரஷ்ஷை அலசி, உதறி, அடுத்த மக்குக்கு அப்படியே எடுத்திருக்கிறாள். எப்போதும் அப்படித்தான் செய்வோம். அசிட்டோன் பிரஷ்ஷில் தங்காது, உதறினாலே போய்விடும். தண்ணீர் தங்கும். இது எனக்கு அப்போது தோன்றவில்லை.

சனிக்கிழமை காலையில் ஓனர் நின்று பார்க்க முகத்து அச்சைத் திறந்தார்கள். பிடரி நன்றாக இருந்தது. அது புதன்கிழமை, தீர்த்தம் வருவதற்கு முன் வைத்தது. மூக்கும் வாயும் கன்னமும் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தன. ஓனர் உள்பக்கம் விரலை வைத்தார். விரல் ஒட்டிக்கொண்டது. இரண்டு நாள் ஆகியும் வெல்லப்பாகு மாதிரி இருந்தது.

"கேட்டலிஸ்ட் எவ்ளோ வுட்டே?"

"எப்பவும் வுடற அளவுதான் சார்."

"எப்பவும் வுட்டா எப்பவும் போல காயணும் இல்ல? போன் பேசிக்கினே வுட்டிருப்பே. பத்து நாள்ல ஜாத்திரை. நான் அந்த ஊருக்கு இன்னா பதில் சொல்றது?"

அவள் தலையைக் குனியவில்லை. "போன் பையில கீது சார். கை ரெசின்ல கீது. எப்படிப் பேசறது?"

அந்தப் பதில் அவருக்குப் பிடிக்கவில்லை. திங்கள்கிழமையிலிருந்து வர வேண்டாம் என்றார்.

நான் பிரஷ் அலசப் போனேன். பிரஷ்கள் இரண்டு விறைத்துக் கிடந்தன. மக்கில் ஊற்றி முக்கினேன். மயிர் பிரியவில்லை, கொழகொழவென்று வெள்ளையாக ஏதோ பிரிந்தது. உள்ளங்கையில் ஊற்றிப் பார்த்தேன். பத்து எண்ணினேன். இருபது எண்ணினேன். கை ஈரமாக இருந்தது.

அங்கேயே எல்லாம் புரிந்துவிட்டது. புரிந்த பிறகும் நான் எழுந்திருக்கவில்லை. பிரஷ்ஷைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மத்தியானம் அவள் டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கேழ்வரகுக் களியும் கீரையும். "துன்னு பெரிம்மா" என்று நீட்டினாள். தினமும் நீட்டுவாள். தினமும் நான் வயிறு சரியில்லை என்பேன். அவர்கள் தெருச் சோற்றை எங்கள் தெருவில் தொட மாட்டோம்; அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அன்றைக்கும் அதையே சொன்னேன்.

"ஏழு வருஷமா உனக்கு வயிறு சரியில்ல" என்றாள் சிரிக்காமல். பிறகு கேட்டாள்: "அந்தத் தீர்த்தத்தை இன்னா பண்ணினே?"

"அவங்களே எடுத்துக்கினு போய்ட்டாங்க."

சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது தெரிந்தது. நான் பொய் சொல்லிப் பழக்கம் இல்லாதவள். அது அவ்வளவு சுலபமாக வரும் என்று நினைக்கவில்லை. அவள் களியை உருட்டிக்கொண்டே, "இந்த வேல போச்சுன்னா ஊருக்குத்தான் போவணும். களை எடுக்க, கல் பொறுக்க. அதுக்கா இத்த கத்துக்கினேன்" என்றாள். என்னிடம் சொன்ன மாதிரி இல்லை, களியிடம் சொன்ன மாதிரி இருந்தது.

சாப்பிட்ட பிறகு ஓனரைக் கூப்பிட்டேன். உண்மையைச் சொல்லக் கூப்பிடவில்லை. அவளைக் காப்பாற்றவும் வேண்டும், நானும் நனையக் கூடாது. அதற்கு ஒரு வழி யோசித்து வைத்திருந்தேன். ஒரு இரும்புக் கிண்ணத்தில் அந்த அசிட்டோனை ஊற்றி ஒரு துண்டு தெர்மாக்கோலைப் போட்டேன். அது தோணி மாதிரி மிதந்தது. கரையவே இல்லை.

"பாரு நைனா. கேட்டலிஸ்ட் மேல தப்பில்ல. இதுல தண்ணி கீது. பிரஷ்ல ஏறி மேட்டுல இறங்கிக்கினு கீது."

ஓனர் குனிந்து பார்த்தார். நான் நினைத்த மாதிரியே சப்ளை செய்கிறவன் மேல் கோபம் போனது. போனை எடுத்து, "நீள்ளு கலிபி இஸ்தாவா?" தண்ணீர் கலந்து கொடுக்கிறாயா என்று தெலுங்கில் ஆரம்பித்தார். அந்தப் பக்கம் இருந்தவன் பிள்ளைகள் மேல் சத்தியம் செய்வது எனக்கே கேட்டது. இதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

அவள் முடிய விடவில்லை. "சப்ளைக்காரனைத் திட்டாத சார். அந்த டப்பா சீலு நான்தான் ஒடைச்சேன், போன வாரம். அன்னிக்கு நல்ல சரக்கு. பிரஷ் பூ மாதிரி வந்துச்சு."

ஓனர் போனை வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். பார்வை வேறு மாதிரி ஆகிவிட்டது.

"அப்ப உள்ள வந்த பிறகுதான் தண்ணி கலந்திருக்கு. ரெண்டு நாளா சாவி யார் கையில?"

"என் கையிலதான் சார்."

"எடுத்து வித்துட்டு அளவுக்குத் தண்ணிய ஊத்தி வெச்சிருக்கே. பெயிண்ட் கடைக்காரன் கேட்டானா, பியூட்டி பார்லர்காரி கேட்டாளா?"

தண்ணீர் சேர்ந்தது தெரியாது என்பதால் அசிட்டோனைத் திருடுகிறவர்கள் அப்படிச் செய்வதுண்டு. அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அவளுக்கு அழுகை வரவில்லை. காலையில் வேலை போனபோது எதிர்த்துப் பேசியவள் இப்போது மெதுவாகக் கையுறையைக் கழற்ற ஆரம்பித்தாள். ஒவ்வொரு விரலாக. அவள் புருஷனிடம் என்ன சொல்வாள், இந்த ரோட்டில் இருக்கிற வேறு ஷெட் எது அவளைச் சேர்க்கும் என்று நான் யோசித்தேன். திருடி என்று போனால் களை எடுக்கக்கூடக் கூப்பிட மாட்டார்கள்.

"நான்தான் ஊத்தச் சொன்னேன்" என்றேன்.

ஓனருக்குக் காதில் விழவில்லை. மறுபடியும் சொன்னேன்.

"தண்ணி இல்ல. தீர்த்தம். புதன்கிழமை அந்த ஊரு பெரியவங்க வந்தாங்க. ரெசின்ல முடியாதுன்னு இவ சொல்லிட்டா. இதுல ஊத்துங்கன்னு நான்தான் டப்பாவைத் தொறந்து குடுத்தேன். இவ உள்ள வேலையா இருந்தா, பாக்கல. மத்தியானம் கேட்டா. அப்பவும் இல்லன்னுட்டேன்."

மூன்று பேரும் அந்த மிதக்கிற தெர்மாக்கோலையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"ஏம்மா," என்றார் ஓனர், "நீங்களா?"

ஏழு வருஷமாக அவர் வேறு யாரைக் கேட்டாலும் என்னைக் கேட்டதில்லை. இடுப்பில் இருந்த சாவியை எடுத்துக் கிண்ணத்தின் பக்கத்தில் வைத்தேன். அவர் கேட்பதற்கு முன் நானே வைத்ததாக இருக்கட்டும் என்று.

அவர் சாவியைத் தொடவில்லை. நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, "தெரியாம பண்ணினது ஒண்ணு. தெரிஞ்சும் இவளைப் போக வுடப் பாத்தது ஒண்ணு" என்றார். ஆமாம் என்றேன். பிறகு அவர் அவள் பக்கம் திரும்பினார். மன்னிப்பு என்ற வார்த்தை அவர் வாயில் வராது. "முகத்தைத் தேய்ச்சு எடுத்துட்டு மறுபடி வெக்க எத்தனை நாள் ஆவும்?" என்று கேட்டார்.

"நாலு நாள்" என்றாள் அவள். கழற்றிய கையுறையை மறுபடி மாட்டிக்கொண்டு சாவியை எடுத்துக்கொண்டாள். இன்றைக்கும் சாவி அவளிடம்தான்.

மிச்சம் இருந்த அசிட்டோனை என்ன செய்வது என்பது அடுத்தது. சாக்கடையில் ஊற்றலாம் என்றார் ஓனர். அதில் அம்மன் தீர்த்தம் இருக்கிறது, கால் படுகிற இடத்தில் ஊற்ற முடியாது என்றேன். சிறிது நேரம் வாதம் நடந்தது. கடைசியில் நான் சொன்னபடி ஷெட்டுக்குப் பின்னால், வெட்டவெளியில், ஒரு அகலமான சில்வர் தாம்பாளத்தில் ஊற்றி, மேலே வலை போட்டு, சுற்றிக் கயிறு கட்டினோம். பீடி குடிக்கிறவர்களை அந்தப் பக்கம் விடாமல் நான் காவல் உட்கார்ந்தேன். அசிட்டோன் முதலில் போகும், தண்ணீர் பின்னால்தான் போகும். வெயிலில் தரைக்குப் பக்கத்தில் காற்று நெளிவது தெரிந்தது. சாயந்தரம் கையில் ஊற்றிப் பார்த்தேன். குளிர் இல்லை. வாசனை மட்டும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. முக்கால் சொம்பு இருந்தது, மஞ்சளாக.

அதை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றினேன். அவள் வந்து பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"சிங்கம் உள்ள காலிதானே பெரிம்மா. ரெண்டு பாதியையும் சேக்கறதுக்கு முன்ன நெஞ்சுல வெச்சு மேட்டு போட்டு ஒட்டிடலாமே."

"அத்த புதன்கிழமையே சொல்லக் கூடாதா?"

"நீ எங்க கேட்ட? உனக்குத்தான் எல்லாம் தெரியுமே."

பாட்டிலை அவள்தான் ஒட்டினாள், மூன்று அடுக்கு மேட்டு போட்டு. சொம்புக்காரர் வாகனம் எடுக்க வந்தபோது நான் ஒன்றும் மறைக்கவில்லை. டப்பாவில் ஊற்றச் சொன்னது என் தப்பு, அதனால் முகம் கெட்டது, இப்போது தீர்த்தம் நெஞ்சுக்குள் இருக்கிறது என்றேன். அவர் சிங்கத்தின் மார்பில் தட்டிப் பார்த்தார்.

"இவதான் வெச்சாளா?" என்று அவளைக் காட்டிக் கேட்டார்.

"இவதான்."

அவர் அவளைக் கும்பிடவில்லை. ஆனால் ஜாத்திரைக்கு வரச் சொன்னார், இரண்டு பேரையும்.

போனோம். எட்டுப் பேர் தோள் கொடுத்தார்கள். கோயில் வாசலில் வாகனத்தைத் திருப்பும்போது முன்னால் இருந்த ஒருவன், "உள்ள இன்னாவோ அலம்புது" என்றான். பக்கத்தில் கூட்டத்தோடு நின்றிருந்த அவள் சொன்னாள்: "சிங்கத்துக்கு வயிறு சரியில்ல."

அவள் கையில் இலையில் சுருட்டிய புளிசாதம் இருந்தது. என் பக்கம் நீட்டினாள். எடுத்துத் தின்றேன். உப்பு கொஞ்சம் அதிகம்.